தூக்கம் வருவது தெரியாதவள்

நன்றாகத் தூங்கினாயா என்று கேட்டால் அவள் உடனே பதில் சொல்லமாட்டாள். "இருங்க கா, பாத்துச் சொல்றேன்" என்பாள். இடது மணிக்கட்டைத் திருப்பி, கைக்கடிகாரத்தின் கறுப்புக் கண்ணாடியைத் தட்டி, அதில் எழும்பும் பச்சை மஞ்சள் கோடுகளை வாசிப்பாள். அதற்குப் பிறகுதான் முகம் மலரும், அல்லது வாடும். "நல்லாத்தான் தூங்கியிருக்கேன்" என்று, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிக் கேள்விப்பட்டதைச் சொல்வதுபோலச் சொல்வாள்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. இப்போது அவளுக்கு வேறு ஊர், வேறு வேலை, புகுந்த வீட்டில் செல்லமாக வேறு பெயர். முகக்கவசத்தைக் கழற்றலாம் என்று அரசாங்கம் அறிவித்ததற்கு அடுத்த மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, செனவாங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு அவள் குடிவந்தாள். தாமான் என்று சொல்லும் எங்கள் குடியிருப்பில் வெள்ளிக்கிழமைதான் இரவுச் சந்தை. இறக்க வேண்டிய பெட்டிகளோடு வந்த வண்டி கடைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. அதனால் கிழமை நினைவிருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே இரண்டு பேர். நான் ஒரு பல் மருத்துவரிடம் முன்மேசையில் வேலை செய்தேன். இன்னொருத்தி மருந்தகத்தில் மருந்தாளர். சிரம்பானிலேயே மூன்று தலைமுறையாக இருக்கும் சிலோன் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் அவளுடையது. தாத்தா தோட்டத்துக் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்தவர். அந்தத் தோரணை இவளிடமும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வந்தவளோ மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்த வேலைக்காரி. வாரம் விட்டு வாரம் இரவு ஷிப்ட்.

கடிகாரங்கள் மாறிப்போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மருந்தாளரிடமும் அதே நிறத்தில் ஒரு கடிகாரம் இருந்தது. ஹரிராயா பெருநாள் விடுமுறையின் இரண்டாம் நாள் காலையில் இருவரும் குளிக்கப் போகும்போது கழற்றிச் சமையலறை மேசையில் வைத்தார்கள். எடுக்கும்போது மாற்றி எடுத்துவிட்டார்கள். புதிதாக வந்தவள் முந்தைய இரவு முழுக்கக் கொரிய நாடகம் பார்த்தவள். கையில் இருந்த கடிகாரமோ அவள் பிரமாதமாகத் தூங்கியதாகச் சொன்னது. "செம்ம தூக்கம் கா நேத்து" என்று அறிவித்துவிட்டு வாசலைக் கழுவினாள், சன்னல்களைத் துடைத்தாள், என்னை இழுத்துக்கொண்டு மீன் வாங்கக் கிளம்பினாள். மருந்தாளர் தன் கையில் இருந்ததைப் பார்த்தாள். "இது என்ன, நான் தூங்கவே இல்லன்னு சொல்லுது. கெட்டுப்போச்சு லா" என்று சோபாவில் எறிந்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

மாலையில்தான் விஷயம் புரிந்தது. உண்மையைச் சொன்னதும் இவள் கையில் இருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"அப்படின்னா நான் டயர்டா இருக்கணுமே" என்றாள்.

உட்கார்ந்தாள். உட்கார்ந்த நிமிடமே தூங்கிப்போனாள்.

ஒருத்தி கடிகாரம் பொய் என்றாள், இன்னொருத்தி தன் உடம்பைப் பொய் என்றாள். அந்த வீட்டில் இருந்த காலம் முழுக்க அவளை நினைத்துச் சிரித்ததும் பயந்ததும் இந்த ஒரு குணத்தால்தான். தனக்குள் என்ன நடக்கிறது என்பது அவளுக்குக் கடைசியாகத்தான் தெரியவரும். பெரும்பாலும் எங்களில் யாராவது சொன்ன பிறகுதான்.

"எனக்கு இப்ப என்ன கா?" என்பது அவளுடைய தினசரிக் கேள்வி. மருத்துவரிடம் கேட்பதுபோல நேராக நின்றுகொண்டு கேட்பாள். நான் முகத்தைப் பார்த்துவிட்டு "பசி" என்பேன். அல்லது "காய்ச்சல் வரப்போகுது" என்பேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். இதில் என் திறமை ஒன்றும் இல்லை, எவர் பார்த்தாலும் தெரியும். அவளைத் தவிர.

பசிக்கும் கோபத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அவளிடம் ஒரு முறை இருந்தது. ஒருநாள் குளியலறை வடிகாலில் முடி அடைத்திருந்ததற்காக மருந்தாளரைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தாள். "எத்தன தடவ சொல்றது, உன் முடிய நீ எடுக்கமாட்டியா, நான் என்ன உன் வீட்டு வேலக்காரியா" என்று உச்சத்தில் போய்க்கொண்டிருந்தபோது சட்டென்று நிறுத்தி ஒரு விரலை உயர்த்தினாள்.

"இரு. ரொட்டி இருக்கா?"

மருந்தாளர் ரொட்டியில் காயா ஜாம் தடவிக் கொடுத்தாள். இவள் நின்றபடியே சாப்பிட்டாள். தண்ணீர் குடித்தாள். கூரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தாள். நாங்களும் காத்திருந்தோம்.

"இல்ல, கோவம்தான்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கத்தத் தொடங்கினாள்.

காதலும் இப்படித்தான் ஆயிற்று. தொழிற்சாலையில் பொருள்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் ஒரு இளைஞன் இவளிடம் பேச ஆரம்பித்திருந்தான். "அவன் வந்து நின்னாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது கா. பிடிச்சிருக்கா, இல்ல கோப்பியா?" என்று கேட்டாள். இரவு ஷிப்டில் அவள் குடிக்கும் கோப்பிக்கு அளவே கிடையாது. ஒரு வாரம் நிறுத்திப் பார் என்றாள் மருந்தாளர். நிறுத்திப் பார்த்தாள். வார முடிவில் முடிவு வந்தது.

"கோப்பிதான் கா. அவன்கிட்ட சொல்லிட்டேன்."

"என்னன்னுடி சொன்னே?" என்றாள் மருந்தாளர்.

"மன்னிச்சுக்கோ, கோப்பிதான்னு சொன்னேன்."

"அந்தக் கோப்பிய தினம் மெஷின்ல போட்டுக் கொண்டாந்து குடுத்தது யாரு?"

இவள் யோசித்தாள். "அவன்தான்."

"பாவம்டி அவன்" என்றாள் மருந்தாளர். அந்த வாரம் முழுக்க வீட்டில் யார் கோப்பி கலக்கினாலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

கெமாஸில் என் சித்தப்பா மகன் கல்யாணம். மூவரும் என் காரில் போனோம். பாதி வழியில் பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல். "கா, எனக்கு மனசே சரியில்ல. ஏதோ கெட்டது நடக்கப்போகுதுபோல இருக்கு." அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். முழங்கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. அடுத்த பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, "போ, கழிப்பறை பின்னால இருக்கு" என்றேன். "எனக்கு வரலயே" என்றாள். "போ." போய்விட்டு வந்து கதவைச் சாத்தினாள். "சரியாயிருச்சு கா. ஒண்ணும் நடக்காது, பயப்படாம ஓட்டுங்க." கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

வெளியே இருப்பதைப் பார்க்கக் கண், கேட்கக் காது என்பதுபோல, உடம்புக்கு உள்ளே நடப்பதை அறியவும் மனிதருக்கு ஒரு புலன் உண்டு என்று படித்திருக்கிறேன். இதயம் அடிப்பது, வயிறு காலியாவது, களைப்பு ஏறுவது எல்லாம் அதன் வழியாகத்தான் தெரிகின்றனவாம். சிலருக்கு அது கூர்மையாக இருக்கும், சிலருக்கு மந்தமாக. இள வயதில் அதுவும் தூக்கமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதாகவும் எழுதியிருந்தார்கள். தூக்கம் கெட்டு அந்தப் புலன் மங்குகிறதா, அது மங்கியதால் தூக்கம் கெடுகிறதா என்பது எனக்கு விளங்கவில்லை. அவளைப் பார்த்த அளவில் ஒன்று மட்டும் சொல்ல முடியும். பகல் ஷிப்ட் வாரங்களில் அவள் கேள்விகள் குறையும். இரவு ஷிப்ட் வாரங்களில் கூடும். இரவு ஷிப்டின் கடைசியில், மின்விசிறிக்குக் கீழே நின்றுகொண்டு, "இப்ப எனக்குக் குளிருதா கா?" என்றுகூடக் கேட்டிருக்கிறாள்.

அவளுக்கு முதல் கடிகாரம் அவள் அம்மாதான் என்பது அந்த அம்மாவைச் சந்தித்தபோது புரிந்தது. போர்டிக்சன் போகும் பழைய சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தோட்டத்தில் இருந்தார். ரப்பர் இருந்த காலத்தில் பால் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு, வெட்டிய குலைகளிலிருந்து சிதறும் உதிரிப் பழங்களைப் பொறுக்கும் வேலை. புருஷன் சீக்கிரமே போய்விட்டார். விடியும் முன் மரத்தடியில் நிற்க வேண்டிய பெண், ஒற்றைப் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? பிள்ளைக்குப் பசிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. பசிக்கும் முன்பே ஊட்டிவிடுவார். தூக்கம் வரும் முன்பே படுக்கவைத்துவிடுவார். அந்தப் பழக்கம் பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் விடவில்லை. மாலையானால் தொலைபேசி வரும். "இப்ப உனக்குப் பசிக்கும், சாப்பிடு. இப்ப உனக்கு அசதியா இருக்கும், கொஞ்சம் படு." இவளும், "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்புவாள். "எனக்குப் பசிக்குதாம்."

அந்த அம்மாதான் வேண்டிக்கொண்டார். மகளுக்கு வேலை நிரந்தரமானால் மாரியம்மன் திருவிழாவில் அவள் தீ மிதிப்பாள் என்று. மகளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், "எனக்கு மிதிக்கணும்போல இருக்காம்மா?" என்றுதான் அவள் கேட்டிருப்பாள். வேலை நிரந்தரமாயிற்று. ஆடி மாதம் வந்தது, துரியான் பழ லாரிகள் சாலையோரத்திலிருந்து குறையத் தொடங்கிய வாரத்தில் காப்புக் கட்டினார்கள். தோட்டத்துக் கோயில்களின் திருவிழாக்களைப் பார்த்துக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஆகவே நானும் போயிருந்தேன்.

மஞ்சள் கயிற்றைப் பெண்களுக்கு இடது மணிக்கட்டில் கட்டுவார்கள். அங்கே கடிகாரம் இருந்தது. பூசாரி முன்பு தோட்டத்து லாரி ஓட்டியவர். தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் மாமா. "காப்பு ஏறுற கையில இதென்ன புள்ள ரப்பர் பட்டை?" என்றார். வலது கையில் கட்டிக்கொள் என்று நான் சொன்னேன்.

"அது சரியாக் காட்டாது கா. நான் லெப்ட்டுக்குத்தான் செட் பண்ணியிருக்கேன்" என்று கழற்றி என் கையில் கொடுத்துவிட்டாள்.

அந்தத் தோட்டத்தில் காப்புக் கட்டியவர் எல்லையைத் தாண்டி வேறிடத்தில் தங்கக் கூடாது. புதிதாக நிரந்தரமானவள் விடுப்புக் கேட்கத் தயங்கினாள். பூசாரி ஒரு சலுகை தந்தார். "வேலைக்குப் போய்ட்டு வா. ஆனா தலை சாய்க்கிறது மட்டும் ஆத்தா காலடியில." அப்போது யாருக்கும் அதில் பிழை தெரியவில்லை, எனக்கும்தான். அவளுக்கு அது இரவு ஷிப்ட் வாரம். இரவெல்லாம் வேலை. காலையில் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குப் போய்க் கோயில் மண்டபத்தில் பாய் விரிக்க வேண்டும். திருவிழா நெருங்கும் கோயில் மண்டபத்தில் பகலில் யாரால் தூங்க முடியும்? ஒரு பக்கம் பந்தல் போடுவார்கள். ஒலிபெருக்கியைச் சோதித்து, "ஹலோ, ஹலோ" என்பார்கள். உறுமி மேளக் குழு வேறு பயிற்சிக்கு வந்துவிடும். போதாததற்கு விரதம்.

சாயங்காலம் வேலைக்குப் போகும் வழியில் சீருடை எடுக்க எங்கள் வீட்டுக்கு வருவாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மருந்தாளர் கேட்டாள்.

"பகல்ல தூங்கினியாடி?"

அவள் மணிக்கட்டைத் திருப்பினாள். மஞ்சள் கயிறுதான் இருந்தது. "தெரியல" என்றாள், உண்மையான வருத்தத்தோடு.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, முழங்கையில் செம்மண் அப்பியிருக்க வந்து நின்றாள்.

"என்னடி ரத்தம்?" என்றாள் மருந்தாளர்.

"எங்க?"

"உன் கையிலதான்."

முழங்கையைத் திருப்பிப் பார்த்து ஆச்சரியப்பட்டாள். காலையில் தோட்டத்து மண்சாலையில் மோட்டார் தானாகப் புல்லுக்குள் இறங்கிவிட்டதாம். எப்படி இறங்கியது என்று தெரியவில்லையாம். எழுந்து வந்துவிட்டாளாம். மருந்தாளர் காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டாள். அந்த நேரத்தில் அவள் ஒரு கேலியும் செய்யவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"நீ தீ மிதிக்க வேணாம். அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் செய்யல கா. செஞ்சா சொல்லமாட்டேனா?"

"அதான்டி பயமே. காலு வெந்தாக்கூட எங்களத்தான் கேப்பே, சுடுதான்னு."

மோட்டாரின் சாவியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த இரண்டு நாளும் நான்தான் காரில் ஏற்றி இறக்கினேன். ஆனால் நெருப்பில் இறங்குவதை என் காரால் தடுக்க முடியாது. சனிக்கிழமை காலை அவளைக் கோயிலில் விட்டபோது அம்மாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினேன்.

"ஆண்ட்டி, அவ தூங்கவே இல்ல. நெருப்புல கால் பின்னிச்சுன்னா என்ன ஆவுறது?"

"ஆத்தா பாத்துக்குவா."

"அவளுக்கே தெரியல ஆண்ட்டி, எவ்ளோ அசதியா இருக்கான்னு."

"அவளுக்கு என்னிக்குத் தெரிஞ்சிருக்கு? நான்தான் சொல்லுவேன்" என்றார் அம்மா. "நானே சொல்றேன், அவளுக்கு ஒண்ணும் இல்ல. வேண்டுதல நிறுத்திட்டா வேல போயிரும் புள்ள. எத்தன வருசம் காண்ட்ராக்ட்ல கெடந்தா தெரியுமா?"

காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மருந்தாளரும் என்னோடு வந்தாள். தோட்டத்தில் மிஞ்சியிருப்பது ஒரு வரிசை வீடுகள்தான். திருவிழாவுக்கு மட்டும் பாரோயிலிருந்தும் செனவாங்கிலிருந்தும் பழைய ஆட்கள் கார்களில் வந்து, செம்பனை மரங்களுக்கு இடையில் நிறுத்தியிருந்தார்கள். பூக்குழி கனன்றுகொண்டிருந்தது. பக்கத்தில் நிற்க முடியவில்லை. மஞ்சள் உடை உடுத்தியவர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். வரிசையின் நடுவில் அவள், தலை நிறைய வேப்பிலை, முழங்கையில் மருந்தாளர் போட்ட வெள்ளைக் கட்டு.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. பூக்குழியில் இறங்கும் முன் அம்மனிடம் உத்தரவு கேட்பார்கள். யார்மீது சாமி வந்திருக்கிறதோ அவர் முன்னால் மேளத்தை நிறுத்திவிட்டுப் பூசாரி கேட்பார். வாயிலிருந்து என்ன வருகிறதோ அதன்படி நடப்பார்கள். சொல் வராமல் யாரும் கால் வைப்பதில்லை. ஒரு வருடம், "பொறு" என்று வந்ததாம். பெருமழை கொட்டி ஓயும்வரை அப்படியே நின்றார்களாம். வழக்கமாகச் சாமி வரும் கிழவி அந்த வருடம் இடுப்பு உடைந்து பாரோயில் மகன் வீட்டில் படுத்திருந்தார். ஆகவே யார்மேல் வரும் என்று எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உறுமி வேகம் எடுத்தது.

அவள் ஆடத் தொடங்கினாள்.

முதலில் மெல்ல, முன்னும் பின்னும். பிறகு தலை ஒரு பக்கம் சரிந்தது. கண்கள் செருகின. முழங்கால் மடிந்து, விழப்போய், நிமிர்ந்தாள். "வந்துட்டா, வந்துட்டா" என்றார்கள் பெண்கள். ஒருவர் மஞ்சள் நீர் தெளித்தார். இன்னொருவர் கைநிறையத் திருநீறு பூசினார். அம்மா கைகளைத் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு அழுதார். அந்த ஆட்டத்தை எனக்குத் தெரியும். இரவு ஷிப்ட் முடிந்து வந்து, கோப்பிக்குத் தண்ணீர் கொதிக்கும்வரை எங்கள் அடுப்படியில் அவள் நிற்பது இப்படித்தான்.

"கா, அது சாமி இல்ல" என்றாள் மருந்தாளர் என் காதில். "அவ நின்னுக்கிட்டே தூங்குறா."

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அம்மாவிடம் போனேன். "ஆண்ட்டி, அவ தூங்குறா."

"வாயக் கழுவு புள்ள" என்றார் அவர், என்னைப் பார்க்காமலே.

பூசாரி கரகத்தோடு அவள் முன் வந்தார். கையை உயர்த்தினார். உறுமி நின்றது. நெருப்பு வெடிக்கும் சத்தம் மட்டும்.

"இறங்கலாமா தாயே?"

அவள் கண்ணைத் திறந்தாள். அத்தனை முகங்களும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"சொல்லு தாயே. எல்லாரும் நிக்கிறோம். இறங்கலாமா?"

அவள் கண்கள் யாரையோ தேடின. என்னைக் கண்டுபிடித்து நின்றன. வாய் திறக்கவில்லை. ஆனால் அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு இப்ப என்ன கா? எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பசி, காய்ச்சல், கழிப்பறை. இது வேறு. அத்தனை பேர் கைகூப்பி நிற்கும் இடத்தில், உனக்குள் இருப்பது சாமி அல்ல என்று நான் யார் சொல்ல? என்னால் முடிந்தது ஒன்றுதான். தெரியவில்லை என்று தலையை ஆட்டினேன்.

அவள் பார்வை என்னிடமிருந்து அம்மாவிடம் போனது. அம்மா கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தார். பிறகு தன் கையை எடுத்து நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டாள். மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ பேசுவதை ஒட்டுக்கேட்பவள்போல, தலையைச் சாய்த்து, கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள்.

"மாமா" என்றாள், வீட்டில் பேசும் குரலில். "எனக்குத் தூக்கம் வருது."

கூட்டத்தின் பின்னால் யாரோ ஒரு இளைஞன் சிரித்துவிட்டு, அடிவாங்கி, அடங்கினான். அம்மா கண்ணைத் திறந்து அவள் தோளைப் பிடித்தார்.

"என்னடி பேசறே? வேண்டுதல்டி. நெருப்பு முன்னால வந்து நின்னுக்கிட்டு."

"தெரியும்மா. ஆனா தூக்கம் வருதும்மா. கண்ணு ரெண்டும் இழுக்குது. காலு என்னுதில்லாத மாதிரி இருக்கு." சொல்லச் சொல்ல அவள் முகத்தில் ஒரு வியப்பு. "எனக்கே தெரியுதும்மா."

அம்மாவின் கை தோளிலேயே இருந்தது. ஆனால் உலுக்கவில்லை. மகளை அன்றுதான் முதலில் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உறுமிக்காரர் பூசாரியின் பக்கம் குனிந்தார். "மாமா, இது உத்தரவா?"

பூசாரி நெருப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கரகத்தை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"பேசினது ஆத்தாளா புள்ளயான்னு எனக்குத் தெரியாது. கேட்டது நாம. சொல்லியாச்சு. பாயப் போடுங்க."

"அப்ப நாங்க?" என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

"மொதல்ல அவ கேட்டதக் குடுப்போம். அப்பறம் இறங்குவோம்." அம்மாவிடம் திரும்பினார். "வேண்டிக்கிட்டது நீதானே? அதுக்குப் பதிலா நாளைக்குக் காலையில பால்குடம் நீ எடு. போ, கூட உக்காரு."

மண்டபத்தில், சந்நிதிக்கு நேராக, பாய் விரித்தார்கள். மருந்தாளர் தன் துப்பட்டாவை மடித்துத் தலைக்கு வைத்தாள். வாழ்நாளில் அன்றுதான் இந்துக் கோயிலுக்குள் இத்தனை தூரம் வந்தாள் என்று பிறகு சொன்னாள். பாயில் இவள் படுத்தாள். தலை துணியைத் தொடும் முன்பே தூங்கிப்போனாள். வெளியே உறுமி மறுபடி எழுந்தது. ஒவ்வொருவராக நெருப்பில் இறங்கி, பால்குழியில் கால் நனைத்து ஏறினார்கள். கூட்டம் ஆர்ப்பரித்தது. ஒலிபெருக்கியில் கார் எண்ணைச் சொல்லி வண்டியை நகர்த்தச் சொன்னார்கள். எதுவும் அவளைத் தொடவில்லை. மண்டபத்தைக் கடந்து போனவர்கள் அவள் அருகில் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஓரிருவர் அவள் கால்பக்கம் தொட்டுக் கும்பிட்டார்கள். அவள் குறட்டை விட்டாள்.

அன்னதானத்துக்கு இலை போட்டார்கள். பரிமாற வந்த பெண் பாயருகில் குனிந்தார்.

"காலையிலேர்ந்து பட்டினி. எழுப்பி ரெண்டு வாய் ஊட்டிட்டுப் படுக்க வச்சிரலாமா?"

அம்மா வேப்பிலைக் கொத்தால் ஈ விரட்டிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"வேணாம். பசிச்சா அவளே எழுந்திருப்பா" என்றார்.

ஓர் இலையில் சோறு வைத்து, இன்னோர் இலையால் மூடிவிட்டு, நாங்கள் மூவரும் அவளைச் சுற்றி உட்கார்ந்து காத்திருந்தோம்.